மாடியில் கணினி, ஆசாரத்தில் கண்ட்ரோலர்: படம் வருகிறது, பட்டன் மட்டும் கேட்பதில்லை

கொடிவேரி வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோபிச்செட்டிபாளையத்துக்கு அருகில், எங்கள் அப்பாரு காலத்தில், நடுவில் தொட்டி எனப்படும் திறந்த முற்றம் வைத்துக் கட்டிய தொட்டிக்கட்டு வீட்டில் குடியிருக்கிறோம். கிராஃபிக்ஸ் கார்டு உள்ள பெரிய கணினி, பிற்பாடு வீட்டின் பின்பக்கம் எழுப்பிய மாடி அறையில் இருக்கிறது. தொலைக்காட்சி கீழே ஆசாரத்தில், அதாவது கூடத்தில் இருக்கிறது. விடுமுறைக்குத் திருப்பூரிலிருந்து வந்திருக்கும் அக்கா பையன்கள் இருவரும், மாடி அறையின் வெக்கை தாங்காமல், கீழேயே விளையாட வழி செய்யும்படி ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே பழைய மடிக்கணினி ஒன்றை எச்டிஎம்ஐ கம்பியால் தொலைக்காட்சியோடு இணைத்து, மாடிக் கணினியில் ஓடும் விளையாட்டுகளை, ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடை மென்பொருளின் ரிமோட் ப்ளே வசதி மூலமாகக் கீழே கொண்டுவந்திருக்கிறேன். இரண்டு கணினிகளிலும் விண்டோஸ் 10 உள்ளது. இரண்டும் வைஃபையில்தான் இருக்கின்றன.

படமும் ஒலியும் பெரிய குறையில்லாமல் வருகின்றன. விசைப்பலகையும் மவுஸும் சொன்னபடி கேட்கின்றன. தொல்லை முழுவதும் கண்ட்ரோலர்களில்தான் இருக்கிறது. என்னிடம் இரண்டு உள்ளன. ஒன்று, கோவை காந்திபுரத்தில் வாங்கிய கம்பி வைத்த சாதாரணக் கண்ட்ரோலர். அதன் முதுகில் எக்ஸ் என்றும் டி என்றும் எழுதிய ஒரு சிறு தள்ளு சுவிட்ச் இருக்கிறது, நான் எக்ஸ் பக்கம் வைத்திருக்கிறேன். மற்றொன்று பிளேஸ்டேஷன் 4இன் டூயல்ஷாக் 4; மடிக்கணினியில் புளூடூத் பழுதாகிவிட்டதால், ஒரு சிறிய யுஎஸ்பி டாங்கிளை, ஹார்டு டிஸ்க் செருகியிருக்கும் துளைக்குப் பக்கத்து நீலத் துளையில் செருகி, அதன் வழியே இணைத்திருக்கிறேன். இணையத்தில் யாரோ சொன்னதைப் படித்து, மடிக்கணினியில் டிஎஸ்4விண்டோஸ் என்ற மென்பொருளையும் நிறுவினேன்.

கம்பி வைத்த கண்ட்ரோலர், ஸ்டீமின் பெரிய திரைப் பட்டியலில் ஒழுங்காக நகர்கிறது. ஆனால் கார்ப் பந்தயத்தைத் திறந்தவுடன் எந்தப் பட்டனுக்கும் அசைவில்லை. அதைவிட விசித்திரம் என்னவென்றால், யாரும் எதையும் தொடாதபோதே கார் மெல்ல இடப்பக்கம் இழுக்கிறது. டூயல்ஷாக்கில் வேறு விதமான கோளாறு: ஒருமுறை அழுத்தினால் இரண்டுமுறை அழுத்தியதாக எடுத்துக்கொள்கிறது, பட்டியலில் ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடுகிறது, அத்துடன் அவ்வப்போது அரை நொடி தாமதமும் ஏற்படுகிறது. இது போதாதென்று, விண்டோஸின் ஜாய்.சிபிஎல் சோதனைச் சாளரத்தில் கம்பிக் கண்ட்ரோலரின் இரண்டு ட்ரிக்கர்களையும் (ஆள்காட்டி விரலால் இழுக்கும் பட்டன்கள்) ஒருசேர அழுத்திப் பார்த்தால், கோடு நகராமல் நடுவிலேயே நின்றுவிடுகிறது. கண்ட்ரோலரே பழுதா, அல்லது கண்ட்ரோலரை மாடிக் கணினியில்தான் செருக வேண்டுமா என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் இந்த விடுமுறை நல்லபடியாகக் கழியும்.

பீளமேட்டுப் பட்டறை எழுதியது:

வணக்கம் நண்பரே. கண்ட்ரோலர் யாருடைய கையில் இருக்கிறதோ, அவருக்கு அருகில் உள்ள கணினியில்தான் அது செருகப்பட வேண்டும். ஆகவே நீங்கள் கீழே மடிக்கணினியில் செருகியது சரிதான். உள்ளே நடப்பது என்னவென்று ஒருமுறை தெரிந்துகொண்டால், நீங்கள் சொன்ன கோளாறுகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

கீழே உள்ள மடிக்கணினி விளையாட்டை ஓட்டுவதில்லை. கண்ட்ரோலரின் நிலையைப் படித்து, வீட்டு வலையமைப்பின் வழியே மாடிக்கு அனுப்புவதும், மாடியிலிருந்து வரும் படத்தை விரித்துக் காட்டுவதும் மட்டுமே அதன் வேலை. மாடிக் கணினியில் உள்ள ஸ்டீம், அந்த நிலையைப் பெற்று, மாடியிலேயே ஓர் எக்ஸ்பாக்ஸ் 360 கண்ட்ரோலர் செருகப்பட்டிருப்பதைப் போல விளையாட்டுக்குக் காட்டுகிறது. கீழே ஒரு மடிக்கணினி இருப்பதோ, அதில் காந்திபுரத்துக் கண்ட்ரோலர் செருகப்பட்டிருப்பதோ விளையாட்டுக்குத் தெரியாது. அது பார்ப்பது அந்தப் போலிக் கண்ட்ரோலரைத்தான். அனுப்பப்படும் தகவலும் மிகச் சிறியது. கண்ட்ரோலரை விளையாட்டுகள் படிப்பதற்கான விண்டோஸின் எக்ஸ்இன்புட் முறையில் (உங்கள் சுவிட்சின் எக்ஸ் பக்கம் இதுதான்) ஒரு கண்ட்ரோலரின் முழு நிலையும் 12 பைட்டுகளில் அடங்கிவிடும்: பட்டன்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2 பைட், இரண்டு ட்ரிக்கர்களுக்கு ஒவ்வொன்று, கட்டைவிரலால் சாய்க்கும் இரண்டு ஸ்டிக்குகளின் நான்கு அச்சுகளுக்கு இரண்டிரண்டு. நொடிக்குக் கோடிக்கணக்கான பிட்டுகளாகக் கீழே இறங்கும் படத்தின் முன்னால், மேலே ஏறும் இந்தத் தகவல் கடலில் கரைத்த பெருங்காயம். ஆகவே படம் நன்றாக வந்து கண்ட்ரோலர் மட்டும் கேட்கவில்லை என்றால், வலையமைப்பின் வேகத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. எந்தக் கண்ட்ரோலர் எந்த வரிசை எண்ணில் நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எக்ஸ்இன்புட்டில் நான்கு இடங்கள் மட்டுமே உண்டு. ஒருவர் மட்டும் ஆடும் விளையாட்டுகளில் பல, முதல் இடத்தில் இருக்கும் கண்ட்ரோலரை மட்டுமே கவனிக்கும். இரண்டாம் இடத்தில் நிற்பவர் எவ்வளவு கத்தினாலும் காதில் வாங்காது. ஸ்டீமின் பெரிய திரைப் பட்டியலோ எல்லா இடங்களையும் கவனிக்கும். உங்கள் கண்ட்ரோலர் பட்டியலில் வேலை செய்து விளையாட்டில் வேலை செய்யாததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அப்படியானால் முதல் இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருக்கிறது. யாரும் தொடாமல் கார் இடப்பக்கம் இழுப்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், அந்த வேறொன்று, ஸ்டிக் தேய்ந்துபோன ஒரு பழைய கண்ட்ரோலராக இருக்கக்கூடும். ஸ்டிக்கின் ஒவ்வோர் அச்சும் கழித்தல் 32768 முதல் 32767 வரை எண்களைத் தரும்; நடுவில் ஏற்படும் சிறு ஆட்டத்தைப் புறக்கணிக்க இடது ஸ்டிக்குக்கு 7849 என்ற எல்லையை மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கிறது. தேய்ந்த ஸ்டிக் அந்த எல்லையையும் தாண்டி நின்றுவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒருவர் எப்போதும் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பதைப் போல ஆகிவிடும். தயவுசெய்து மாடிக்குச் சென்று, பெட்டியின் பின்பக்கத் துளைகள் உட்பட எல்லாவற்றையும் பார்த்து, அங்கே ஏதாவது செருகப்பட்டிருக்கிறதா என்று சொல்லுங்கள்.

இரட்டை அழுத்தத்துக்குக் காரணம் டிஎஸ்4விண்டோஸ்தான். அந்த மென்பொருள் டூயல்ஷாக்கைப் படித்து, மடிக்கணினியிலேயே ஒரு போலி எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரை உண்டாக்குகிறது. மடிக்கணினியில் உள்ள ஸ்டீமோ, உண்மையான டூயல்ஷாக்கையும் பார்க்கிறது, போலியையும் பார்க்கிறது, இரண்டையும் மாடிக்கு அனுப்புகிறது. ஒரே விரல் அழுத்துவது இரண்டு கைகள் அழுத்துவதாகப் போய்ச் சேர்கிறது. உண்மையானதை மறைக்கும் வசதி அந்த மென்பொருளிலேயே உண்டு. ஆனால் 2016 டிசம்பர் முதல் டூயல்ஷாக் 4ஐ ஸ்டீம் நேரடியாகவே புரிந்துகொள்வதால், உங்களுக்கு அந்த மென்பொருளே தேவையில்லை. அதை நீக்கிவிட்டு மடிக்கணினியை ஒருமுறை மறுபடி தொடங்குங்கள்.

ட்ரிக்கர் விஷயத்தில் கண்ட்ரோலரின் மேல் பழி இல்லை. ஜாய்.சிபிஎல் சாளரம் பழைய டைரக்ட்இன்புட் முறையில் பார்க்கிறது. அந்த முறையில் எக்ஸ்பாக்ஸ் வகைக் கண்ட்ரோலர்களின் இரண்டு ட்ரிக்கர்களும் ஒரே அச்சாகக் காட்டப்படுகின்றன. ஒன்று கோட்டை ஒரு பக்கம் இழுக்கிறது, மற்றொன்று மறு பக்கம் இழுக்கிறது, இரண்டையும் அழுத்தினால் நடுவில் நிற்கிறது. 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் வந்த எக்ஸ்இன்புட்டில் இரண்டும் தனித்தனியே 0 முதல் 255 வரை படிக்கப்படுகின்றன. சோதனைச் சாளரத்தைப் பார்த்துவிட்டு நல்ல கண்ட்ரோலரைக் கடையில் திருப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கொடிவேரி வாசி எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் மாடிக்குச் சென்று பார்த்தேன். பெட்டிக்குப் பின்னால், ஒட்டடைக்கு நடுவில், நான் கல்லூரியில் படித்தபோது வாங்கிய கண்ட்ரோலர் ஒன்று இன்னும் செருகியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் இடது ஸ்டிக் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதைப் பிடுங்கிவிட்டு ஸ்டீமை மறுபடி திறந்தவுடன், கம்பிக் கண்ட்ரோலர் பந்தயத்தில் உயிர் பெற்றுவிட்டது. காரும் நேராக ஓடுகிறது. டிஎஸ்4விண்டோஸை நீக்கியபின் இரட்டை அழுத்தமும் நின்றுவிட்டது.

டூயல்ஷாக்கின் தாமதம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதுவும் எப்போதும் இல்லை. சில நிமிடங்கள் நன்றாக இருந்து, திடீரென்று விட்டுவிட்டுப் போகிறது. கம்பிக் கண்ட்ரோலரில் அந்தக் குறை தெரியவில்லை.

சென்னிமலைத் தறி எழுதியது:

வணக்கம். கம்பிக் கண்ட்ரோலரில் இல்லாத தாமதம் புளூடூத்தில் மட்டும் இருப்பதாக நீங்கள் சொல்வதால், கோளாறு மாடிக்கும் கீழுக்கும் இடையில் இல்லை. கண்ட்ரோலருக்கும் மடிக்கணினிக்கும் இடையிலுள்ள ஆறடி காற்றில்தான் இருக்கிறது. நீங்கள் கேள்வியிலேயே விடையையும் எழுதியிருக்கிறீர்கள்: டாங்கிள் நீலத் துளையில், ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீலத் துளை என்றால் யுஎஸ்பி 3.0. அந்த வேகத்தில் தகவல் ஓடும்போது துளையிலிருந்தும் கம்பியிலிருந்தும் கசியும் மின்காந்த இரைச்சல், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் கருவிகளைத் தொந்தரவு செய்யும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. புளூடூத் இயங்குவது அதே 2.4 ஜிகாஹெர்ட்ஸில்தான். ஹார்டு டிஸ்க் வேலை செய்யும்போது தாமதம் வருவதும், அது சும்மா இருக்கும்போது சரியாகிவிடுவதும் இதனால்தான். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் விளையாடிப் பாருங்கள். பிறகு ஐம்பது, நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பியை வாங்கி, டாங்கிளைக் கறுப்பு நிற யுஎஸ்பி 2.0 துளையிலிருந்து மூன்றடி தள்ளி, கண்ட்ரோலருக்கு நேர்பார்வையில் தொலைக்காட்சி மேசையின் முன்விளிம்பில் ஒட்டிவையுங்கள். என் வீட்டில் இந்த ஒரு வேலையிலேயே முக்கால் பங்கு குறை தீர்ந்தது.

மீதிக் கால் பங்கு வைஃபை. உங்கள் மடிக்கணினி 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருந்தால், படமும் கண்ட்ரோலரும் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்கின்றன. புளூடூத் நெரிசலான பகுதியைத் தவிர்த்துத் தாவக்கூடியதுதான், என்றாலும் நொடிக்கு 20 மெகாபிட் படம் இடைவிடாமல் ஓடும்போது தாவுவதற்கு இடம் குறைகிறது. 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றலாம்; ஆனால் தொட்டிக்கட்டு வீட்டின் ஒன்றரை அடி மண்சுவரை 5 ஜிகாஹெர்ட்ஸ் எவ்வளவு தூரம் கடக்கும் என்பது எனக்குச் சந்தேகம். எங்கள் பழைய வீட்டில் ஆசாரத்திலிருந்து சமையலறைக்குப் போவதற்குள் பாதி பலம் போய்விடும். தவிர, மாடிக் கணினியும் வைஃபை, மடிக்கணினியும் வைஃபை என்றால், ஒவ்வொரு படத்துணுக்கும் காற்றில் இரண்டு தடவை பயணம் செய்கிறது: மாடியிலிருந்து ரௌட்டருக்கு ஒருமுறை, ரௌட்டரிலிருந்து ஆசாரத்துக்கு மறுமுறை. மாடிக் கணினியையாவது ரௌட்டரோடு ஈத்தர்நெட் கம்பியால் இணைத்துவிட்டால், காற்றுப் பயணம் பாதியாகும். இரண்டையும் கம்பியில் போட முடிந்தால் அதற்கு மேல் பேச்சே இல்லை. ஈத்தர்நெட் 100 மீட்டர் வரை தாங்கும். உங்கள் வீடு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதற்குள் அடங்கிவிடும். மடிக்கணினியின் துளை நொடிக்கு 100 மெகாபிட் மட்டுமே கொடுத்தாலும், 20 மெகாபிட் படத்துக்கு அதுவே ஐந்து மடங்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எங்கள் ஊரில் தறி ஓடுகிற வீதிகளில் இருப்பவர்களுக்கு இது புரியும். மாலை நேரத்தில் மின்சாரம் ஒரு கண்சிமிட்டும் நேரம் போய் வரும். கணினி யுபிஎஸ்ஸில் இருப்பதால் தப்பிக்கும், ரௌட்டர் மட்டும் அணைந்து எழுந்து வரும். ஒரு நிமிடத்தில் படம் திரும்பிவிடும், ஆனால் கண்ட்ரோலர் செத்துப்போயிருக்கும். ஏனென்றால் பழைய விளையாட்டுகள் பல, தாம் தொடங்கும்போது இருக்கும் கண்ட்ரோலரை மட்டுமே கணக்கில் வைக்கும். நடுவில் போலிக் கண்ட்ரோலர் மறைந்து மீண்டும் தோன்றினால் அதை ஏறெடுத்தும் பார்க்காது. விளையாட்டை மூடித் திறந்தால்தான் வழிக்கு வரும். ரௌட்டரையும் யுபிஎஸ்ஸில் இணைத்துவிடுங்கள். ரௌட்டர் இழுக்கும் மின்சாரம் மிகவும் குறைவு.

தாராபுரம் சாலை எழுதியது:

நான் கேட்பது கொஞ்சம் ஏட்டிக்குப் போட்டியாகத் தோன்றலாம். மாடி அறை ஆசாரத்துக்கு மேலேயே இருக்கிறதென்றால், ஒரு நீளமான எச்டிஎம்ஐ கம்பியையும் ஒரு நீளமான யுஎஸ்பி கம்பியையும் கீழே இறக்கிவிட்டு, கண்ட்ரோலரை நேரடியாக மாடிக் கணினியிலேயே செருகிவிடலாமே. போலிக் கண்ட்ரோலரும் வேண்டாம், தாமதமும் வேண்டாம், இவ்வளவு எழுத்தும் வேண்டாம்.

பீளமேட்டுப் பட்டறை எழுதியது:

அண்ணா சொல்வதில் தவறில்லை; தூரம் குறைவாக இருந்தால் அதுவே மிகச் சிறந்த வழி. ஆனால் யுஎஸ்பி 2.0இல் சாதாரணக் கம்பிக்கு 5 மீட்டர்தான் எல்லை. அதற்கு மேல் போக வேண்டுமானால் நடுவில் சிப் வைத்த ஆக்டிவ் கம்பி வேண்டும், அதன் விலைக்கு ஈத்தர்நெட் கம்பியே இழுத்துவிடலாம். மாடி பின்பக்கம் எழுப்பப்பட்டது என்று கொடிவேரி நண்பர் எழுதியிருக்கிறார். தொட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தால் இருபது மீட்டருக்குக் குறையாது. மேலும் அப்படிச் செய்தால் மட்டும்தான் மாடியில் ஒருவர் உட்கார்ந்து வேறு வேலை செய்ய முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். ரிமோட் ப்ளேயிலும் அது முடியாது. விளையாட்டுச் சாளரம் மாடிக் கணினியின் முன்னணியில் இருந்தால்தான் பெரும்பாலான விளையாட்டுகள் கண்ட்ரோலரைக் கேட்கும். மாடியில் ஒரு அறிவிப்புச் சாளரம் முன்னால் வந்து நின்றுவிட்டாலே கீழே பட்டன்கள் ஊமையாகிவிடும். அப்படி நேர்ந்தால் கீழிருந்து மவுஸால் விளையாட்டின் மேல் ஒருமுறை சொடுக்கினால் போதும்.

பவானிக்கூடல் எழுதியது:

எல்லோரும் ஸ்டீமைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். ஸ்டீமுக்கு வெளியே வாங்கிய விளையாட்டுகள் அந்தப் பையன்களிடம் இருந்தால், அடுத்த வாரம் இதே இழையில் மறுபடி கேள்வி வரும் என்பதால் இதை எழுதுகிறேன். ஸ்டீமின் கண்ட்ரோலர் மாற்றம், விளையாட்டுக்குள் ஏறி உட்காரும் ஸ்டீம் ஓவர்லேயைச் சார்ந்தது. வேறு கடையில் வாங்கிய விளையாட்டை ஸ்டீம் நூலகத்தில் வெளி விளையாட்டாகச் சேர்த்துத் திறக்கலாம். ஆனால் அது முதலில் தன் கடையின் சாளரத்தைத் திறந்து, பிறகு அங்கிருந்து விளையாட்டைத் தொடங்குமானால், ஓவர்லே அந்த முதல் சாளரத்தோடு நின்றுவிடுவதுண்டு. படம் வரும், கண்ட்ரோலர் வராது.

நான் மூன்று வருடமாக சன்ஷைனும் மூன்லைட்டும் பயன்படுத்துகிறேன். மாடிக் கணினியில் படத்தை அனுப்பும் சன்ஷைன், மடிக்கணினியில் அதை வாங்கிக் காட்டும் மூன்லைட். இரண்டும் கட்டணம் இல்லாத திறந்த மூல மென்பொருள்கள். மூன்லைட் முதலில், கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியாவின் கேம்ஸ்ட்ரீம் வசதிக்காக எழுதப்பட்டது. 2023இல் என்விடியா அந்த வசதியை நிறுத்தத் தொடங்கியபின், அந்த இடத்தை சன்ஷைன் நிரப்பியது. இதன் சிறப்பு என்னவென்றால், விண்டோஸில் சன்ஷைன் தன் போலிக் கண்ட்ரோலரை விஜெம்பஸ் என்ற டிரைவர் மூலம் இயங்குதளத்தின் மட்டத்திலேயே உண்டாக்குகிறது. ஓவர்லே எதுவும் தேவையில்லை. எந்தக் கடையில் வாங்கிய விளையாட்டாக இருந்தாலும் அதன் கண்ணுக்கு அது அசல் கண்ட்ரோலராகவே தெரியும். அந்த டிரைவரின் வளர்ச்சி 2023இல் நிறுத்தப்பட்டது என்றாலும் இன்றும் வேலை செய்கிறது. எக்ஸ்பாக்ஸ் 360 போலக் காட்டுவதா, டூயல்ஷாக் 4 போலக் காட்டுவதா என்பதையும் சன்ஷைன் அமைப்புகளில் தேர்ந்தெடுக்கலாம். திரையில் முக்கோணம், வட்டம் என்ற குறிகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் இரண்டாவதை வைக்கலாம். பழைய விளையாட்டுகளுக்கு முதலாவதுதான் பாதுகாப்பு.

சென்னிமலை நண்பர் சொன்னதைப் போல, நடுவில் கண்ட்ரோலர் மறைந்து தோன்றினால் பழைய விளையாட்டுகள் அதைக் கண்டுகொள்ளாத குறைக்கு, கண்ட்ரோலரின் இணைப்பு விட்டுப்போகும்போது உதவும் ஒரு மருந்து மூன்லைட்டில் இருக்கிறது. முதலாம் கண்ட்ரோலர் எப்போதும் இணைந்தே இருப்பதாகக் காட்டும் ஓர் அமைப்பு உண்டு. கண்ட்ரோலர் கையில் இல்லாவிட்டாலும் மாடியில் போலிக் கண்ட்ரோலர் தொடக்கத்திலிருந்தே நிற்கும். புளூடூத் தூங்கி விழித்தாலும் விளையாட்டுக்குத் தெரியாது. ஆனால் இதை எப்போதும் இயக்கி வைக்க வேண்டாம். விசைப்பலகையில் ஆடும் விளையாட்டுகள் சில, கண்ட்ரோலர் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரைக்குறிகளையெல்லாம் மாற்றிவிடும்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவை மூன்று. ஸ்டார்ட் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் ஸ்டிக் மவுஸாக மாறும், மறுபடி பிடித்தால் பழையபடி ஆகும். எதிர்பாராத சாளரம் முன்னால் வந்து நின்றால் இதைக் கொண்டு மூடிவிடலாம், மாடிப்படி ஏற வேண்டியதில்லை. செலக்ட், எல்1, ஆர்1 ஆகியவற்றோடு எக்ஸைச் சேர்த்து அழுத்தினால் தாமதத்தின் கணக்கு திரையில் தோன்றும். அந்த எக்ஸ் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரின் இடப்பக்கப் பட்டன்; டூயல்ஷாக்கில் அந்த இடத்தில் இருப்பது சதுரம். ஸ்டார்ட், செலக்ட், எல்1, ஆர்1 நான்கையும் ஒருசேர அழுத்தினால் ஓட்டம் நின்று வெளியே வந்துவிடலாம். இந்தக் கடைசி வித்தையை என் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தது பெரிய தவறு. தோற்கப்போகிற ஒவ்வொரு பந்தயத்திலும் அவன் வலையமைப்பின் மேல் பழி போட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறான்.

கொடிவேரி வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றியவுடனேயே டூயல்ஷாக்கின் தாமதம் வெகுவாகக் குறைந்துவிட்டது. நீட்டிப்புக் கம்பி வாங்கி டாங்கிளைத் தள்ளி வைத்தபின், கம்பிக் கண்ட்ரோலருக்கும் அதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை, பெரியவன் மட்டும் இன்னும் இருப்பதாகச் சொல்கிறான். ரௌட்டர் ஏற்கெனவே மாடிக்குக் கீழ் அறையில் இருந்ததால், மாடிக் கணினியைக் கம்பியில் இணைத்துவிட்டேன். ஆசாரத்துக்குக் கம்பி இழுக்க, ஓடு மாற்ற ஆள் வரும்போது விட்டத்தின் மேலாகக் கொண்டுவரலாம் என்று இருக்கிறேன்.

இரண்டு சந்தேகங்கள் மிச்சம் இருக்கின்றன. இருவரும் சேர்ந்து ஆடும்போது, சின்னவன் முதல் ஆளாகவும் பெரியவன் இரண்டாம் ஆளாகவும் வந்துவிடுகிறார்கள். இதற்காகத் தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கிறது. அடுத்து, எங்கள் மாமா வீட்டில் சும்மா கிடக்கும் ஸ்டியரிங் வீல் ஒன்றை மடிக்கணினியில் செருகினேன். மாடியில் எதுவும் அசையவில்லை. அதற்கும் வழி உண்டா?

பீளமேட்டுப் பட்டறை எழுதியது:

பஞ்சாயத்துக்குத் தீர்வு எளிது. பெரும்பாலும் எந்தக் கண்ட்ரோலர் முதலில் இணைகிறதோ அதுவே முதல் இடத்தைப் பிடிக்கும். கம்பிக் கண்ட்ரோலர் எப்போதும் செருகியே இருப்பதால் அது முந்திக்கொள்கிறது, அது சின்னவன் கையில் இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு, டூயல்ஷாக்கை முதலில் இணைத்து, பிறகு கம்பியைச் செருகி, அதற்குப் பிறகு விளையாட்டைத் திறந்தால் வரிசை மாறிவிடும். ஸ்டீமின் கண்ட்ரோலர் பட்டியலிலும் வரிசையை மாற்றும் வசதி இருக்கிறது. அல்லது கண்ட்ரோலர்களைக் கை மாற்றிக்கொள்ளச் சொல்லலாம், ஆனால் அதை அவர்கள் ஏற்பார்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ஸ்டியரிங் வீல் வேறு சாதி. நாம் பேசிய 12 பைட்டுகளில் பட்டன், ட்ரிக்கர், ஸ்டிக் ஆகியவற்றுக்குத்தான் இடம் உண்டு. கண்ட்ரோலரின் அதிர்வைக்கூட மாடியிலிருந்து கீழே அனுப்பிவிடலாம். ஆனால் 900 பாகை சுழலும் வீலுக்கும், மூன்று பெடல்களுக்கும், திருப்பும்போது கையில் எதிர்த்துத் தள்ளும் விசைக்கும் அந்தப் போலிக் கண்ட்ரோலரில் இடமே இல்லை. வீலை வீலாகவே மாடிக்குக் கொண்டுபோக வேண்டுமானால், யுஎஸ்பி துளையையே வலையமைப்பின் வழியே நீட்டும் விர்ச்சுவல்ஹியர் போன்ற மென்பொருள் வேண்டும். அதன் சர்வரை மடிக்கணினியிலும், கிளையன்ட்டை மாடிக் கணினியிலும் நிறுவினால், வீல் மாடியிலேயே செருகப்பட்டதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். வீலின் டிரைவரையும் அப்போது மாடியில்தான் நிறுவ வேண்டும். இது தகவல் தவறாமல் வந்து சேர்வதை நம்பி இயங்குவது. வைஃபையில் ஒரு சிறு தடங்கல் ஏற்பட்டாலும் வளைவின் நடுவில் ஸ்டியரிங் உறைந்துவிடும். ஆகவே விட்டத்தின் மேலாக அந்தக் கம்பி வந்து சேரும் வரை, வீல் மாமா வீட்டிலேயே இருக்கட்டும்.